தேமலைத் தொட்டால் தெரிகிறதா?

வலித்தால் மருத்துவரிடம் ஓடுவோம். அரித்தால் களிம்பாவது வாங்குவோம். தொழுநோயின் தேமல் வலிப்பதும் இல்லை, அரிப்பதும் இல்லை. ஆபத்தே அதில்தான். சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே வெளுத்தோ சிவந்தோ ஒரு திட்டு. அதைத் தொட்டாலும் தொட்டது தெரியாது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் போவது, சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுவது, காது மடல் தடித்துப் பளபளப்பது, சமையலில் சுட்டுக்கொண்டதைக் கொப்புளத்தைப் பார்த்துத்தான் அறிவது ஆகியவையும் எச்சரிக்கைகள்தாம்.

2005 டிசம்பரில், தொழுநோயை ஒழிக்கும் இலக்கை எட்டிவிட்டோம் என்று இந்தியா அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் இருக்கிறது என்ற கணக்கு அது. நோயே போய்விட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் இது பாதிக்கும் மேல்.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க இதுவரை யாராலும் முடியவில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளைத் தேடி வரவேண்டியிருந்தது. அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டவையோ பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள்தாம். ஏழைகளின் நோயில் லாபம் தேடி யாரும் வரப்போவதில்லை என்பதால், தொண்டும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன.

அதற்கு நல்ல சாட்சி வேலூர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேனின் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது, அந்தப் பிடியின் வலு அவரை உலுக்கியது. கை செத்துவிடவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. நன்றாக இருக்கும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி போனதால் பட்ட காயம் தெரியாமல் அழிகின்றன என்பதையும் அவர் குழு காட்டியது. இரவில் தூங்குபவரின் விரலை எலி கடித்துத் தின்றதும், அவருக்கு அது தெரியாமல் போனதும் உண்டு. அதன் பிறகு வீடு திரும்புகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்களாம்! விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே இத்தகைய கைகளுக்கு அறுவை செய்ததும் இங்கேதான். 1955இல் அருகிலுள்ள கரிகிரியில், தொழுநோய்த் தொண்டு நிறுவனங்களும் வேலூர் கல்லூரியும் சேர்ந்து ஆய்வு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கின.

அண்மைய உதாரணம் வங்கதேசத்தில் இருக்கிறது. அந்நாட்டின் வடமேற்கில் தொழுநோய் மிஷன் என்ற தொண்டு நிறுவனமும் நெதர்லாந்தின் எராஸ்மஸ் மருத்துவ மையமும் சேர்ந்து, நோயாளிகளோடு பழகிய 21,000க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடத்தின. ரிஃபாம்பிசின் என்ற மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்ததில் முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வருவது 57 விழுக்காடு குறைந்தது. 2008இல் வெளியான அந்த முடிவின் பயன், நோயாளியின் வீட்டாருக்கு இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டே இந்த மருந்தைக் கொடுப்பார்கள், கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை.

நோய் வந்தவர்களுக்கான கூட்டு மருந்து சிகிச்சை 6 மாதம் அல்லது 12 மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மருந்து தொடங்கியதும் வெகுவிரைவில் பிறருக்குப் பரவும் வாய்ப்பு நின்றுவிடுகிறது. தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். மருந்து கொடுப்பவர்கள் முதல் நாளே சொல்லியாக வேண்டியவை சில உண்டு. கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும், குளோஃபாசிமினால் தோல் கறுக்கும். இது தெரியாமல் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. இன்னொன்று, சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பின்னரோ தேமல் திடீரெனச் சிவந்து வீங்கலாம், நரம்பு வலிக்கலாம், கை கால் பலம் குறையலாம். இது மருந்தின் தவறல்ல, உடல் கிருமியோடு போராடும் எதிர்விளைவு. மாத்திரையை நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் போனால் ஸ்டீராய்டு மருந்தால் நரம்பைக் காப்பாற்றலாம். நாள் கடந்தால் கை மடங்கியதுதான்.

இவ்வளவு இருந்தும் ஏன் தாமதமாக வருகிறார்கள்? ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்துக்குச் சட்டமே நெடுநாள் துணைபோனது. நோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்று காட்டி விவாகரத்து கேட்கும் வழி, 2019இல் தனிநபர் சட்டங்களைத் திருத்திய பிறகே அடைபட்டது. தொழுநோயாளிகளுக்கு உள்ளாட்சிப் பதவிக்குத் தகுதியில்லை என்ற ஒடிசாச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றமே 2008இல் செல்லும் என்றது! பத்தாண்டு கழித்து, 2018இல், அதே நீதிமன்றம் தொழுநோய் கண்டவர்களை எந்த மருத்துவமனையும் பாகுபடுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமாகி ஊனத்தோடு வாழ்பவர்களையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊனம் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அரசுப் பணியின் 4 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் இவர்களும் போட்டியிடலாம். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். தேமல் சந்தேகம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ஊனச் சான்று, உதவித்தொகை ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வேலையிலோ மருத்துவமனையிலோ ஒதுக்கினால் நடந்ததைத் தேதியோடு எழுதி, சிகிச்சைச் சீட்டின் நகலை இணைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.