உஷார்! கிட்னி புரோக்கர் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறித் தெருக்களில் குடியிருப்பவர்களும் அங்கே சொந்தபந்தம் உள்ளவர்களும் இதை அவசியம் படியுங்கள். கிட்னி புரோக்கர் என்றால் வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உங்கள் தெருக்காரராக இருக்கலாம். முன்பு தன் கிட்னியை விற்றவராகவே இருக்கலாம்.

கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்து பள்ளிபாளையத்தில் நடந்த கிட்னி வியாபாரம் 2025 ஜூலையில் அம்பலமானது. மாநில அரசு இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று அனுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்கச் சொன்னது. பரபரப்பு அடங்கிவிட்டது, கடன் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இந்த எச்சரிக்கை.

வறுமை எந்த ஊரில் இல்லை? ஆனால் கிட்னி விற்பனை மட்டும் சில தெருக்களில் கொத்துக்கொத்தாக நடக்கிறது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் இதே கதை நடந்தது. நேபாளத்தில் ஹோக்சே என்ற கிராமமும் இப்படித்தான் பேர் கெட்டது. ஒரு வீட்டில் நடந்தது அடுத்த வீட்டுக்குப் பரவுகிறது.

எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். தறிப் பட்டறையில் ஏற்கெனவே முன்பணம் வாங்கியாயிற்று. அதற்கு மேல் குழுக் கடன். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் அவள் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள். "நீ கட்டலைன்னா எங்களுக்கும் அடுத்த லோன் வராதுக்கா" என்கிறார்கள். எல்லாரும் தினமும் குழாயடியில் முகம் பார்க்கிறவர்கள். அந்த அவமானம் வட்டியை விடக் கொடியது. அந்த நேரம் பார்த்து இன்னொருத்தி வந்து சேலையை ஒதுக்கி இடுப்புத் தழும்பைக் காட்டுகிறாள். "என்னையப் பாரு, நல்லாத்தான இருக்கறேன். கடனும் தீந்துபோச்சு." அப்படி அழைத்துப்போகிற ஒவ்வொரு ஆளுக்கும் தனக்குக் கமிஷன் உண்டு என்பதை மட்டும் அவள் சொல்வதில்லை.

தழும்பு ஆறிய மூன்றாவது மாதத்தைத் தெரு பார்க்கிறது. மூன்றாவது வருஷத்தைப் பார்ப்பதில்லை. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் 2001இல் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 96 சதவீதம் பேர் கடன் அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். ஆனால் பேசிய பணம் முழுசாகக் கைக்கு வரவில்லை. நான்கில் மூன்று பேருக்கு விசாரித்தபோதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு மோசமாகிவிட்டது என்றார்கள். மற்றவர்கள் விற்கலாமா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இந்த 'வேண்டாம்' தான் நம் தெருக்களில் யார் காதிலும் விழுவதில்லை. நின்றுகொண்டே தறி ஓட்டிப் பிழைக்கிற உடம்பு கெட்டால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி என்ன?

சட்டமும் சும்மா விடாது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி பணம் கொடுத்தவர், வாங்கியவர், இடையில் நின்றவர் எல்லாருமே குற்றவாளிகள். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். சொந்தமில்லாத ஒருவருக்குப் "பாசத்தால் தருகிறேன்" என்று சொல்லச் சொல்லி யாராவது பழக்கினால், உங்களை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

குழுப் பெண்களே, தவணைக்காக இன்னொருத்தி வாசலில் போய் உட்காராதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்து ஆள் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடன்காரரை அழைக்கக்கூடாது, திட்டக்கூடாது, உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யக்கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. இதை உங்கள் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

கிட்னி பேச்சோடு யாராவது வீடு ஏறினால் 100க்கு அழையுங்கள். கடன் மிரட்டலுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100. இந்த இரண்டு எண்களையும் குழாயடிச் சுவரில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.