சும்மா இருக்கும் டிவிடி இயக்கி சொல்லித்தரும் பாடம்

இயக்க அமைப்பின் பணிகளைப் பதினோராம் வகுப்பில் நடத்தும்போது நினைவக மேலாண்மை, கோப்பு மேலாண்மை, பாதுகாப்பு என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். மின்சாரத்தையும் அதுதான் மேலாண்மை செய்கிறது என்பதை விளக்க நேரம் கிடைப்பதில்லை. இதற்கு நான் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு, பழைய மடிக்கணினிகளின் பக்கவாட்டில் இருக்கும் டிவிடி இயக்கி.

பென் டிரைவ் வந்தபிறகு அதை யாரும் அதிகம் தொடுவதில்லை. உள்ளே வட்டும் இல்லை. ஆனாலும் அது மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மின்தடை நேரத்தில் பேட்டரியில் பாடம் நடத்தும்போது இந்தச் சிறு செலவும் கணக்கில் வரும்.

வட்டு சுழலாதபோது இயக்கி ஏன் உறங்குவதில்லை? இயக்க அமைப்பு அதை உறங்க விடுவதில்லை என்பதே காரணம். நாம் வட்டைப் போட்டவுடன் திரையில் அது தோன்ற வேண்டுமல்லவா? அதற்காக இயக்க அமைப்பு அடிக்கடி, "வட்டு வந்ததா?" என்று கேட்கிறது. லினக்ஸில் பொதுவாக 2 நொடிக்கு ஒருமுறை இந்தக் கேள்வி போகும். 45 நிமிடப் பாடவேளையில் 1,350 முறை! ஒவ்வொரு முறையும் இயக்கி விழித்து, "இல்லை" என்று பதில் சொல்ல வேண்டும். மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டாலோ, பதில் சொல்ல ஆளே இருக்காது.

இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு, கேட்பவரை மாற்றுவது. இயக்க அமைப்பு கேட்பதை நிறுத்திவிடும். தேவைப்படும்போது இயக்கியே கூப்பிடும். 2012இல் வந்த விண்டோஸ் 8இலும், 2013இல் வந்த லினக்ஸ் 3.9 கருவிலும் இந்த வசதி சேர்க்கப்பட்டது. உள்ளே வட்டு இல்லை, தட்டும் மூடியிருக்கிறது என்றால் இயக்கிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் நிறுத்தப்படும். லினக்ஸ் உடனே நிறுத்திவிடாது. இயல்பாக 30 நொடி பொறுத்துப் பார்க்கும்.

நாம் திறப்புப் பொத்தானை அழுத்தினால், தனிக் கம்பி வழியாக ஒரு சைகை கணினிக்குச் செல்லும். இயக்க அமைப்பு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, இயக்கி தயாரானதும் "தட்டைத் திற" என்று கட்டளையிடும். அதாவது, நம் விரல் நேரடியாகத் தட்டைத் திறப்பதில்லை. எழுப்பிவிட மட்டுமே செய்கிறது. அதனால்தான் தட்டு வெளிவரச் சற்றுத் தாமதமாகும். "கெட்டுப்போச்சு சார்" என்று மாணவர் சொன்னால், ஊசியால் குத்துவதற்கு முன் சில நொடி பொறுக்கச் சொல்லுங்கள்.

எல்லாக் கணினியிலும் இது நடக்காது. இயக்கி, தாய்ப்பலகை, இயக்க அமைப்பு மூன்றும் இதற்கு இடம்கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட கணினியிலும், வட்டு ஒன்று உள்ளேயே கிடந்தால் மின்சாரம் முழுவதும் நிற்காது. ஆகவே வேலை முடிந்ததும் வட்டை எடுத்து உறையில் வைக்கும் பழக்கத்தை மாணவர்களிடம் ஏற்படுத்தலாம்.

வகுப்பில் இதை விளையாட்டாகவும் செய்து காட்டலாம். ஒரு மாணவர் இயக்க அமைப்பு, இன்னொருவர் இயக்கி. முதல் சுற்றில் இயக்கி மேசையில் தலைசாய்த்திருக்க, மற்றவர் 2 நொடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும். இயக்கி ஒவ்வொரு முறையும் தலைநிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஒரே நிமிடத்தில் இருவரும் சலித்துவிடுவார்கள். இரண்டாம் சுற்றில் கேள்வியே கிடையாது. மூன்றாவது மாணவர் தோளைத் தொட்டால் மட்டும் இயக்கி எழுந்து கைதூக்கலாம். முதல் சுற்று, திரும்பத் திரும்பக் கேட்டறிதல்; இரண்டாவது, குறுக்கீடு. பாடநூலில் வெறும் சொல்லாக நிற்கும் குறுக்கீடு அப்போது மாணவருக்குப் பிடிபடுகிறது.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "தட்டு திறந்திருக்கும்போது ஏன் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது?" விடையை நான் சொல்வதில்லை. தட்டில் ஒரு வட்டை வைத்து, கையால் உள்ளே தள்ளுவதாக நடித்துப் பார்த்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.