கருப்பு டப்பாவைக் காணாத கேமரா

நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டி மாதிரி ஒரு பேரூராட்சிக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தால் குப்பையில் அதற்கு என்ன வேலை கொடுப்பது? தரம் பிரிக்கிற வேலை என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

பெரிய ஆலைகளில் பெல்ட்டில் குப்பை ஓடும். மேலிருந்து கேமராவும் அகச்சிவப்பு உணர்வியும் பார்க்கும். பெட் பாட்டில் என்று தெரிந்ததும் காற்றுக் குழாய் 'புஸ்' என்று ஊதித் தனியே தள்ளும். அகமதாபாத்தின் இஷித்வா நிறுவனம் இப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்கிறது. கெட்டிக்கார இயந்திரம்தான், ஆனால் பிரியாணி பார்சல் வரும் கருப்பு டப்பாவைக் கண்டால் அந்த உணர்வி திணறிவிடும். கருப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் தூள் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுகிறது.

கேமரா படித்த பாடத்திலும் இப்படி ஒரு குறை. 2016இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தொகுத்த 'டிராஷ்நெட்' என்ற குப்பைப் படத்தொகுப்பு இத்துறைக்கு அரிச்சுவடி போல. அதிலுள்ள 2,527 படங்களும் வெள்ளை அட்டைமேல் பொருளை வைத்து எடுத்தவை. நம் குப்பையோ சாம்பாரில் ஊறி, மண் அப்பி வருவது.

பேரூராட்சி குப்பையைப் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவில் கை பழகிய தூய்மைப் பணியாளர் கவரைக் கசக்கிப் பார்ப்பார். கரகரவென்றால் பாலிப்ரொப்பிலீன் (பிபி), பால் கவர் மெத்தென்று மடங்கும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டால் போதும்: பெட் துண்டு மூழ்கும், பிபி மிதக்கும்.

ஆக, அடையாளம் காண ஆள் இருக்கிறது. வாங்கத்தான் ஆள் வேண்டும். முட்டை ஊரான நாமக்கல்லில் பழைய காகிதத்துக்குக் கவலையில்லை. கூழாக்கி முட்டை அட்டை வார்த்துவிடலாம். ஷாம்பு பாக்கெட்டை எந்தப் பழைய இரும்புக் கடையும் தொடாது. பல அடுக்குகள் ஒட்டிய அந்தச் சரக்கு சிமெண்ட் ஆலை உலைக்குத்தான் போகவேண்டும். ஒரு சின்ன ஊரில் லாரி நிறைய அது சேர்வதற்குள் மழை வந்து மூட்டையெல்லாம் நனைந்துவிடும்.

இங்கேதான் இயந்திரத்தின் கணக்கு உதவும். சென்னையில் 'கபாடிவாலா கனெக்ட்' நிறுவனம் காயலான் கடைகளை வரைபடத்தில் ஏற்றியது. அதே வழியில் பக்கத்துப் பக்கத்துப் பேரூராட்சிகளான எருமப்பட்டி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி மூன்றிலும் அன்றன்றைய எடையைப் பதிந்துவந்தால், லோடு எப்போது சேரும், எந்தச் சரக்கு எங்கே விலை போகும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். ஒரே லாரி, வாடகையை மூன்று ஊரும் பங்கிட்டுக்கொள்ளலாம். இதற்கு ஊருக்கு ஒரு தராசும் கையிலிருக்கும் போனுமே போதும். காற்று ஊதும் இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்க யாராவது முன்வந்தால், அதில் முதலில் தார்ப்பாயும் நல்ல கையுறையும் வாங்கச் சொல்வேன்.