சி. வை. தாமோதரம்பிள்ளையின் கல்வி

பரீட்சையிற் சித்தியெய்துதலே கல்வியின் முடிவென எண்ணும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. உத்தியோகம் கிடைத்த மறுநாளே புத்தகங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். சிறுப்பிட்டியிற் பிறந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் (1832-1901) வாழ்க்கையோ இதற்கு நேர்மாறானது. அவரைப் பதிப்பாசிரியரென்று போற்றுவோர் பலர். அவர் இறுதிவரை மாணாக்கராகவே வாழ்ந்தாரென்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் பிற கலைகளுங் கற்ற அவர், 1854 இல் நீதிநெறிவிளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். பின்னர்ப் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பினாற் சென்னை சென்று, தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சர்வகலாசாலை 1857 இல் நிறுவப்பெற்றது. அதன் முதற் பட்டதாரிகளாய் மறு ஆண்டில் வெளிவந்தோர் தாமோதரம்பிள்ளையும், வயதில் மூத்தவரும் செமினரியில் ஆசிரியராயிருந்தவருமான கறல் விசுவநாதபிள்ளையுமாவர். ஆசிரியத் தொழில் பார்த்த ஒருவர், தம்மினும் இளையவரோடு ஒக்கவிருந்து பரீட்சை எழுத நாணினாரில்லை. இச்செய்தி அப்பட்டத்தினுஞ் சிறந்ததென்று கூறலாம்.

பட்டம் பெற்றபின் அரசாங்க உத்தியோகமும் வாய்த்தது. அத்துடன் அமைந்திருப்பினும் ஒருவருங் குறை கூறார். ஆயினும் தம் முப்பத்தொன்பதாம் வயதில், 1871 இல், சட்டக் கல்வி பயின்று பி. எல். பட்டமும் பெற்றார். பின்பு கும்பகோணத்தில் வழக்கறிஞராயும், புதுக்கோட்டையில் நீதிபதியாயும் விளங்கினார்.

எனினும், அவர் பயின்றவற்றுள் மிகக் கடினமானது எந்தக் கலாசாலையிலும் கற்பிக்கப்படாத கல்வியாகும். அதுவே ஏடு படித்தல். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவின. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும், அடிக்கும் அடிக்கும் பிரிப்பும் இல்லை. ஆதலால் ஓர் எழுத்தைத் துணியவேண்டுமாயின், இலக்கணமும் யாப்பும் பொருளும் ஒருங்கே தெரிதல் வேண்டும். அவை தெரிந்தபோதும், ஒரு பிரதியிலுள்ள பாடம் மற்றொன்றிற் காணப்படாது. ஏடோ தொடும்போதே ஓரம் உதிரும், கட்டவிழ்க்கும்போதே ஒடியும். செல்லரித்த இடத்தில் நின்றிருந்த சொல்லை ஊகித்தல் எளிது. ஊகம் ஊகமேயெனத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளுதலே அரிது. நாற்பது ஐம்பது வயதிலே, அலுவலுக்கிடையே, இக்கல்வியை அவர் மேற்கொண்டார்.

1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையுடன் வெளிவந்தது. ஆறுமுகநாவலர் அதனைப் பரிசோதித்து உதவினார். 1881 இல் வீரசோழியமும், 1883 இல் இறையனாரகப்பொருளும் வந்தன. 1887 இல் கலித்தொகை அச்சேறியபோது, எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று முதன்முறையாக அச்சுருவங் கண்டது. அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து.

1885 இல் அவர் வெளியிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பற்றி ஈண்டு ஒன்று கூறவேண்டும். அதன் உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையதென்றே அப்பதிப்பிற் குறிக்கப்பட்டது. மெய்ப்பாட்டியல் முதலிய இறுதி நான்கியல்களுக்கு அதிலுள்ள உரை பேராசிரியருடையதென்பதை, பிள்ளை மறைந்தபின்னர், இராகவையங்கார் தக்க சான்றுகளால் நிறுவினார். இதனைப் பிள்ளைக்கு இழுக்காகக் கருதுவோரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. அந்நூலை அவர் அச்சிட்டுப் பலர் கைக்கும் எட்டச் செய்திராவிடின், பக்கத்தோடு பக்கம் ஒத்துநோக்கி உரைநடையின் வேறுபாட்டை உணரும் வாய்ப்பு இராகவையங்கார்க்குங் கிட்டியிராது.