சாக்கடைக்கும் ஒரு கஸ்டமர்

2019 ஜூன் மாதம். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட காலி. அப்பவும் ஊருக்குள்ள தினமும் ஓடிக்கிட்டு இருந்தது சாக்கடை மட்டும்தான். சிரிக்காதீங்க, இதுல ஒரு கணக்கு இருக்கு. வீட்டுக்கு 100 லிட்டர் தண்ணீர் கொடுத்தால் சுமார் 80 லிட்டர் கழிவுநீராக வெளியே வரும் என்றுதான் டிசைன் பண்ணும்போது எடுத்துக்குவோம். சப்ளை குறைந்தால் இதுவும் குறையும், ஆனா மழை பெய்யலைன்னு நின்னுடாது.

அதே 2019-ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் மெட்ரோ வாட்டர் இரண்டு பிளான்ட்களைத் திறந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் மறுசுத்திகரிப்பு செய்யலாம். சாதாரண சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு படியும், பாக்டீரியா அழுக்கைத் தின்னும், அதோட முடிஞ்சது. கரைந்திருக்கும் உப்பு அப்படியே இருக்கும். அதை பாய்லருக்குள் விட்டால் டியூப் முழுக்க படிமம்தான். அந்த உப்பை எடுக்க ஆர்.ஓ. வேணும். ஆனா நேரா ஆர்.ஓ.-வுக்கு விட்டால் நுண்துகள் அடைத்து மெம்பிரேன் சீக்கிரமே வீணாகும். அதனால முதலில் மணல் வடிகட்டி, அப்புறம் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், அதுக்கு அப்புறம்தான் ஆர்.ஓ., கடைசியில் ஓசோன்.

கோயம்பேடு தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கும், கொடுங்கையூர் தண்ணீர் மணலி, மீஞ்சூர் பக்கத்துக்கும் குழாயில் போகிறது. மணலிக்கு இது புதுசு இல்லை. 1990-களின் தொடக்கத்திலேயே அங்குள்ள ரிஃபைனரியும் உர ஆலையும் கழிவுநீரை வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன.

என்னைக் கேட்டால் மெம்பிரேனைவிட இந்த வியாபாரம்தான் சுவாரஸ்யம். எந்த ஊர் நிர்வாகத்துக்கும் சாக்கடை என்றால் செலவுக் கணக்கு. இங்கே அது வரவுக் கணக்கிலும் வருது. இரண்டு பிளான்ட்டும் முழுசா ஓடினால் 9 கோடி லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஆறரை லட்சம் பேரின் ஒருநாள் தேவை. அந்த அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சணும்.

“மிஞ்சணும்” என்றுதான் சொல்ல முடியும். வளாகத்துக்குள்ளேயே போர்வெல் இருந்து, கரன்ட் செலவு மட்டும்தான் என்றால், எந்த மேனேஜர் காசு கொடுத்து குழாய்த் தண்ணீர் வாங்குவார்? நிலத்தடி நீர் எடுப்பதை அளந்து, கட்டணம் போட்டு, கட்டுப்படுத்தினால்தான் இந்தக் கணக்கு நேராகும். அது பிளான்ட் கட்டுறதைவிடக் கஷ்டமான வேலை. இன்னொரு தலைவலி, ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீர். எந்த பிளான்ட் விசிட் போனாலும் அது எங்கே போகுதுன்னு கேட்டுப் பாருங்க.

சரி, இதைக் குடிக்கலாமா? சிங்கப்பூரில் 2003-லிருந்து இதே மாதிரி சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்தம் செய்து குடிநீராகக் கொடுக்கிறார்கள். அங்கேயும் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான். கோயம்பேடு, கொடுங்கையூர் தண்ணீர் ஃபேக்டரி கேட் வரைக்கும் போகிறது.