முன்பக்கம் உடைந்தாலும் ஜீப் இறங்கும்!

விடிவதற்கு முன்பே சூரியநெல்லியில் ஜீப் ஏறி, எலும்பெல்லாம் இடம் மாறுகிற அளவுக்குக் குலுங்கி, கொழுக்குமலை உச்சியில் சூரியன் எழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதை மறக்காது. மலை தேனி மாவட்டத்தில். வழியோ கேரளத்தின் இடுக்கி பக்கம். ஃபோர் வீல் ஜீப் இல்லாமல் அங்கே பிழைப்பில்லை.

நாங்கள் போன அன்று, இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் ஜீப்பின் முன்னாலிருந்து 'கடக்... கடக்' என்று சத்தம். டிரைவர் தம்பி உடனே நிறுத்தினார். கீழே படுத்து, முன் ஹவுசிங்கின் பிளக்கைத் தளர்த்தி, வழிந்த எண்ணெயை உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். வெள்ளித் தூள் மினுமினுத்தது. "பினியன் பல்லு போயிருச்சு சார். எல்லாரும் இறங்கிக்கோங்க."

"ஃபோர் வீலை எடுத்துட்டு டூ வீல்ல போட்டு மெதுவா போயிடலாமே?" என்று என் மைத்துனர் கேட்டார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"இன்ஜின் சுத்தலைன்னாலும் ரோடு சுத்தும் சார்" என்றார் தம்பி.

விஷயம் இதுதான். டூ வீலில் போட்டால் முன்பக்கத்துக்கு இன்ஜின் சக்தி போகாது. ஆனால் தரையில் உருளும் முன் சக்கரங்கள் ஆக்ஸிலைச் சுற்றும். ஆக்ஸில், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரௌன் வீலைச் சுற்றும். அது பினியனைச் சுற்றும். உடைந்த பல் துண்டு நடுவில் சிக்கினால் முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம் என்று இருக்கிற வளைவில் அது நடந்தால்..?

எனவே சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள உறவையே அறுக்க வேண்டும். சில வண்டிகளில் இதற்கென்றே ஹப்பில் ஒரு திருகி இருக்கும். 'ஃப்ரீ' பக்கம் திருப்பினால் போதும். போரில் மிச்சமான ஜீப்களைச் சாலையில் ஓட்ட வசதியாக, 1948-லேயே அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் இப்படிப்பட்ட ஹப்களைச் செய்து விற்கத் தொடங்கினார். தம்பியின் ஜீப்பில் அது இல்லை.

நான்கு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்தார். ஹப்பின் வெளிப்புறத்தில் இருந்த ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, ஆக்ஸிலைச் சக்கரத்தோடு இணைக்கும் வட்டத் தகட்டை உருவினார். சக்கரம் கழன்றுவிடாதா என்று பயந்தேன். அது தனி பேரிங்கில் நிற்கிறதாம். திறந்த வாயில் மண் போகாமலிருக்கப் பால் கவரை வெட்டி மூடி, டேப் சுற்றினார். மறுபக்கமும் அதேபோல்.

பிறகு முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அந்த ஜீப்பில் லோ கியர், ஃபோர் வீலில் மட்டும்தான் விழும். இறக்கத்தில் லோ கியர் வேண்டும். ஆனால் சக்தி முன்னால் போகக்கூடாது. ஷாஃப்ட்டையே கழற்றிவிட்டால் இரண்டும் நடக்கும். திரும்ப அதே இடத்தில் பூட்டுவதற்காக ஆணியால் கீறி அடையாளம் வைத்தார். கிராஸின் கப்புகள் கழன்று ஊசி பேரிங் சிதறாமல் அதற்கும் டேப்.

பிரேக்கில் கை வைக்கவில்லை. அந்தப் பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக், பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும் என்பதால் அதுவும் தப்பியது. பின்பக்கம் உடைந்து பின் ஷாஃப்ட்டைக் கழற்ற நேர்ந்திருந்தால் ஹேண்ட் பிரேக்கும் போயிருக்கும்!

எல்லா வண்டிக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. புது வண்டிகள் பலவற்றில் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே ஆக்ஸிலின் நுனிதான். அதை உருவினால் சக்கரத்துக்கே ஆபத்து. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில், நடு டிஃபரன்ஷியலை லாக் செய்யாமல் முன் ஷாஃப்ட்டைக் கழற்றினால் வண்டி நகரவே நகராது. கார் போன்ற எஸ்யூவிகளில் முன் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு டோ வண்டிதான் வழி. தெரியாமல் ஸ்பானரைத் தூக்காதீர்கள்.

வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நாங்கள் ஏறப் போனோம். தம்பி தடுத்துவிட்டார். "இப்ப பின் வீல் மட்டும்தான் இன்ஜினைப் பிடிச்சு இறங்கும். உங்களை வச்சு ஓட்ட மாட்டேன்." பின்னால் வந்த ஜீப்பில் எங்களை ஏற்றிவிட்டு, பாதிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். வாங்க மறுத்தோம். சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் போன் செய்தேன். பத்திரமாக இறங்கியிருந்தார். கிரௌனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். சாமான் வர நான்கு நாள். நல்ல சீசன் நேரம்.

"அதுவரைக்கும் தார் ரோட்டுல மட்டும் ஓட்டிக்கிறேண்ணே. மலைக்குக் கூப்பிட்டா போக மாட்டேன்."

காலையில் 'சார்' என்றவர், அப்போதுதான் 'அண்ணே' என்றார்.