செப்பனிட்ட இதயமும் செம்மையான வாழ்வும்

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ எண்மர் இதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர் என்பது மருத்துவ நூலார் தரும் கணக்கு. இதயச் சுவரில் துளை, வால்வில் அடைப்பு, குருதிக் குழாய்களின் இடமாற்றம் எனக் குறைபாடுகள் பலவகைப்படும். 1944இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'நீலக் குழந்தை'களுக்கான அறுவை மருத்துவம் தொடங்கும்வரை, கடுங்குறைபாடு உடையோர் பலர் இளமையிலேயே மறைந்தனர். தமிழகத்தில் வந்த இளஞ்சிறார் இதயப் பாதுகாப்புத் திட்டத்தால் எளிய குடும்பத்துக் குழந்தைகளும் அரசுச் செலவில் அறுவை மருத்துவம் பெற்றனர். அக்குழந்தைகள் இன்று இளைஞர்களாகிவிட்டனர். உயிர் பிழைத்தவர்கள் நன்கு வாழ்கின்றார்களா என்பதே இனி நாம் எழுப்ப வேண்டிய வினா.

இவ்வினாவிற்கு விடை காண, 2013 முதல் 2015 வரை 15 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையின் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. பிறவி இதயக் குறைபாடுடைய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள் தத்தம் வாழ்க்கைத் தரத்திற்கு 0 முதல் 100 வரை தாமே மதிப்பெண் இட்டனர். பொதுவாக அவர்தம் வாழ்க்கைத் தரம் நன்றாகவே இருந்தது. உடலியக்கத் திறன் குன்றியோர், முதியோர், வேலையற்றோர், மணமாகாதோர் ஆகியோரிடமே அது குறைந்து காணப்பட்டது. இந்நான்கனுள் வேலையும் மணமும் பெரிதும் சமுதாயத்தின் கையில் உள்ளவை.

இவ்வுண்மையை மணலி புதுநகரில் வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். ஆலைகளும் எண்ணூர்த் துறைமுகமும் அண்மையிலுள்ள இப்பகுதியில் சுமை தூக்குதலும் இரவுப் பணியும் பலருக்குப் பிழைப்பு. மார்பில் தழும்பு உண்டென்று ஓர் இளைஞனுக்கு வேலை மறுப்பது முறையன்று. தழும்பை மறைத்து அவன் பளுவான வேலை ஏற்பதும் நன்றன்று. துளை அடைக்கப்பெற்று, நுரையீரல் குருதி அழுத்தம் இயல்பாக உள்ளவர் பெரும்பாலான பணிகளைச் செய்யலாம். உலோக வால்வு பொருத்தப்பெற்றவர் குருதி உறையாதிருக்க மருந்து உண்பவராதலால், காயம் நேரக்கூடிய பணியைத் தவிர்த்தல் வேண்டும்.

அறுவை முடிந்ததும் நோய் முற்றும் நீங்கிற்று என்று கருதுவது பெரும்பிழை. நீலக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் 'ஃபாலோ' குறைபாட்டைச் சீர்செய்த பின்னும், நுரையீரல் வால்வில் கசிவு நீடிக்கலாம். பல ஆண்டுகள் துன்பமின்றிக் கழியினும், உள்ளே வலக் கீழறை மெல்ல விரிவடையும். இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் புது வால்வு பொருத்தி இதயத்தைக் காக்கலாம். குழந்தை மருத்துவரிடமிருந்து விடைபெற்று, பெரியவர்களுக்கான மருத்துவரை அடையாமல் நின்றுவிடும் இடைக்காலமே இடர் மிக்கது.

ஆதலின் அறுவைக் குறிப்பேட்டைப் பெற்றோர் பேணிப் பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவு அண்மையில் உள்ளது. சீர்செய்த இதயமுடைய பெண்களுள் மிகப் பலர் நலமுடன் தாயாகலாம். எனினும் கருவுறுவதற்கு முன்பே மருத்துவ அறிவுரை பெறுதல் இன்றியமையாதது. பல் பிடுங்குவதற்கு முன்பும் தம் இதய நிலையை மருத்துவரிடம் கூறல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் ஒருவர் ஓட்டத்தில் பின்தங்கினால் எள்ளாதீர்கள். பெரியோர்களே, மணம் பேசுகையில் தழும்பைக் குறையாக எண்ணாது மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். மருத்துவர் காத்துத் தந்த உயிர் மதிப்போடு வாழச் செய்வது நம் அனைவரின் கடமையாகும்.